வாசலுக்கு எது? அரளியா, கடலாசுப்பூவா?

வெயிலைத் தாங்க வேண்டும்; தண்ணீர் கேட்டு நச்சரிக்கக் கூடாது; ஆண்டில் பாதி நாளாவது பூத்திருக்க வேண்டும். இம்மூன்று குணமும் ஒருங்கே அமைந்த செடி ஒன்றை வீட்டு வாசலுக்குத் தேர்ந்து சொல்லுமாறு, சென்ற கோடை விடுமுறையில் கொல்லங்கோட்டிலுள்ள என் அத்தை எனக்குக் கட்டளையிட்டார். "ஏண்டா, மூன்று வருஷமாகச் செடியைப் பற்றித்தானே படிக்கிறாய்? ஒரு செடி சொல்லத் தெரியாதா?" என்பது அவர் கேள்வி. தேர்வுத்தாளில் கேட்கும் வினாக்களுக்கு விடை எழுதிப் பழகிய நமக்கு, வீட்டில் கேட்கும் வினாக்கள்தாம் வியர்க்க வைக்கின்றன. அன்று நான் உடனே விடை சொல்லவில்லை. யோசித்துச் சொன்ன விடையையும், அதற்குரிய காரணங்களையும் இங்கே எழுதுகிறேன். நம்மில் பலருக்கும் ஊரில் ஒரு வீடும், அந்த வீட்டில் ஓர் அத்தையும் இருப்பார்கள் அன்றோ?

முதலில் ஊரைப் பற்றிச் சில சொற்கள். கேரளம் என்றதும் இடைவிடாத மழையும், எங்கும் பசுமையும் நம் நினைவுக்கு வரும். பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதி அந்தப் படத்துக்குள் முழுதும் அடங்காது. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்து நிற்கிறது. அவ்வாயின் தென் உதட்டில், நெல்லியாம்பதி மலையின் அடிவாரத்தில் அமைந்தது கொல்லங்கோடு. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை வந்து கொட்டும். பின்னர் மார்கழி, தை மாதங்களில் கிழக்கேயிருந்து வறண்ட காற்று கணவாய் வழியே இரைந்து வரும். வரப்பிலே நிற்கும் பனைமரங்கள் இரவெல்லாம் சலசலக்கும். அக்காற்று மண்ணிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிட்டுப் போகும். மாசி பிறந்தால் வெயில். 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பம் 41 பாகையைத் தாண்டியது. வெப்ப அலை எச்சரிக்கையும் விடப்பட்டது. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி, கேரளத்திலேயே மழை குறைந்த நிலங்களுள் ஒன்று. இடுக்கிப் பக்கத்து மறையூரைப் போல இதுவும் மழை மறைவுப் பகுதியே. அத்தை வீட்டுக் கிணற்றில் பங்குனியில் வாளி தரையைத் தட்டும். வீட்டிலுள்ளோர் குளிக்கவும், மாடு குடிக்கவுமே அளந்து இறைக்கும் நாளில் பூச்செடிக்குத் தண்ணீர் எங்கே?

ஆகவே ரோஜாவும் மல்லிகையும் முதற்சுற்றிலேயே தோற்றன. மிஞ்சியவை இரண்டு. ஒன்று அரளி, மற்றொன்று காகிதப்பூ. மலையாளத்தில் அதனைக் கடலாசுப்பூ என்பர். கொல்லங்கோட்டுத் தமிழரும் அப்படியே சொல்வதால், நானும் அந்தப் பெயரையே கையாளுகிறேன். போகன்வில்லா என்றால் அத்தைக்குக் கோபம் வரும். தமிழ்நாட்டின் நெடுஞ்சாலைகளில் போகிறவர்கள் கவனித்திருக்கலாம். இரு வழிகளுக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய மண்திட்டில், தார் கக்கும் அனலிலும் லாரிப் புகையிலும் பூத்து நிற்பவை பெரும்பாலும் இவ்விரண்டுமே. சாலைப் பொறியாளர்கள் சோதித்துப் பார்த்துவிட்ட செடிகள் இவை என்று கொள்ளலாம்.

அத்தையின் மனம் அரளியின் பக்கமே சாய்ந்திருந்தது. காரணம், பூஜை. நாள்தோறும் விடியலில் ஒரு கைப் பூ வேண்டும். கடலாசுப்பூவைச் சாமிக்கு வைப்பதில்லை. அதற்கு மணமும் இல்லை. அன்றியும், அவர் வீட்டுப் பின்கட்டில், மாட்டுத் தொழுவத்தை ஒட்டிப் பழைய செவ்வரளி ஒன்று உண்டு. காலஞ்சென்ற மாமா வைத்தது. அதிலிருந்து ஒரு கொம்பை ஒடித்து முன்வாசலில் நட்டால் தீர்ந்தது; காசும் செலவில்லை.

அரளி வறட்சியைத் தாங்கும் விதத்தைத் தாவர நூல் பயிலும் நண்பர்கள் நன்கறிவர். முதலாண்டுச் செய்முறை வகுப்பில் அரளி இலையைச் சவரக்கத்தியால் மெல்லிதாக வெட்டி, நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் படம் வரையாதவர் யார்? மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரண இலைக்கு மேல்தோல் ஓரடுக்கு. அரளி இலைக்கோ இரண்டு மூன்று அடுக்கு. அதன்மேல் மெழுகு போன்ற தடித்த பூச்சு வேறு. இலை மூச்சு விடும் துளைகள் வெளிப்படையாக இல்லை. இலையின் அடிப்புறத்தில் சிறு சிறு குழிகள் இருக்கின்றன. அக்குழிகளுக்குள் துளைகள் பதுங்கியிருக்கின்றன. குழியின் வாயை நுண்மயிர்கள் மறைக்கின்றன. வெளியே காற்று எவ்வளவு வறண்டு வீசினாலும், குழிக்குள் சிறைப்பட்ட காற்று ஈரமாகவே இருக்கும். ஆகையால் நீராவி வெளியேறுவது குறைகிறது. வாசலில் வெயில் வெளுத்து வாங்கும்போது நாம் திண்ணைக்கு ஓலைத்தட்டி கட்டிக்கொண்டு உள்ளே இருப்பதில்லையா? அதே தந்திரம்தான்.

ஆனால், ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அரளி பாலைவனச் செடியன்று, ஆற்றங்கரைச் செடி. மத்தியதரைக் கடல் நாடுகள் தொடங்கி நம் நாடு வரை, கோடையில் வறண்டும் மழையில் பெருக்கெடுத்தும் ஓடும் காட்டாறுகளின் படுகைகளில் அது இயல்பாக வளர்வது. வேரை ஆழ இறக்கி ஈரத்தைத் தேடும். வெள்ளம் வந்தால் வளைந்து கொடுத்து நிற்கும். எனவே வறட்சியை மட்டுமன்றி, அதையடுத்து வரும் பெருமழையையும் அதனால் தாங்க முடிகிறது. கொல்லங்கோட்டுக்கு இது சிறிய தகுதியன்று. வெயிலைத் தாங்கும் செடி எது என்று கேட்டு வாங்கி வந்து, ஆடி மாதத்தில் அது வேரழுகிச் சாவதைப் பார்த்தவர்கள் அங்கே பலர். 1945-இல் அணுகுண்டு விழுந்து கருகிய ஹிரோஷிமா மண்ணில் முதலில் பூத்த பூக்களுள் ஒன்று அரளி; இன்று அந்நகரின் சின்னமான மலரும் அதுவே. இத்தனை உறுதி வேறு எந்தப் பூச்செடிக்கு உண்டு?

கடலாசுப்பூவின் வரலாறு வேறு. அது நம் நாட்டுக்கு விருந்தாளி, தாயகம் தென்னமெரிக்கா. 1766 முதல் 1769 வரை கப்பலில் உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சு மாலுமி புகன்வீல் என்பவரின் பெயரையே அச்செடி தாங்கி நிற்கிறது. அவருடன் சென்ற தாவர அறிஞர் கொம்மர்சோன் 1767-இல் பிரேசில் நாட்டு ரியோ துறைமுகத்தருகே அதனைச் சேகரித்தார். அவருக்கு உதவியாளாக ஆண் வேடத்தில் கப்பலேறிய ழான் பாரே என்ற பெண்மணியே உலகைச் சுற்றிவந்த முதற் பெண் எனப்படுகிறார். செடிகொடிகளைச் சுமந்து மலையேறிய கைகள் பெரும்பாலும் அவருடையவை. செடிக்கு மாலுமியின் பெயர் கிடைத்தது. சுமந்தவருக்கு வேடம் கலைந்த அவமானம்தான் கிடைத்தது. இது நிற்க.

கடலாசுப்பூவில் நாம் பூ என்று சொல்வது பூவே அன்று. செந்நிறமாகவும் ஊதாவாகவும் காகிதம்போல் விரிந்திருப்பவை பூவடிச் செதில்கள். நிறம் மாறிய இலைகள் என்றே சொல்லலாம். மூன்று செதில்களின் நடுவே, ஒவ்வொன்றிலும் ஒட்டியபடி, தீக்குச்சி போல் சிறிதாக வெண்மையாக நிற்பதே உண்மைப் பூ. செதிலுக்குச் சாயம் தருவது பீட்ரூட் கிழங்குக்குச் சிவப்புத் தரும் அதே இனத்து நிறப்பொருள். ரோஜாவின் சிவப்பு வேறினம். முள்ளும் அப்படியே மாறுவேடந்தான். இலைக்கக்கத்தில் கிளையாக வளரவேண்டிய மொட்டு, முள்ளாக உருமாறி நிற்கிறது. ரோஜாவின் முள் வெறுந்தோலின் வளர்ச்சி. விரலால் தள்ளினால் கழன்றுவிடும். கடலாசுப்பூவின் முள் மரத்தோடு மரமாக இருப்பது, கழற்ற முடியாது. குத்தியவர்க்கு வேறுபாடு தெரியும்.

இச்செடியின் விந்தை என்னவென்றால், பட்டினி போட்டால்தான் பூக்கும். தண்ணீரும் உரமும் தாராளமாக ஊற்றி வளர்த்தால் பச்சைப்பசேலென்று தழைத்துக் கூரைமேல் ஏறும். பூவை மட்டும் காணோம். நீர் குறைந்து, வெயில் ஏறி, பகற்பொழுது குறுகும் நாளில் இலையை உதிர்த்துவிட்டு நிறத்தை அள்ளிக் கொட்டும். பாலக்காட்டுக் கணவாயில் காற்றடிக்கத் தொடங்கும் மார்கழியிலிருந்து வைகாசி வரை அதற்குத் திருவிழா. கிணறு வற்றும் காலமும், அது பூக்கும் காலமும் ஒன்றே என்பதைக் கேட்டதும் அத்தையின் முகத்தில் சற்று மலர்ச்சி தெரிந்தது.

இதுவரை இரண்டும் சமம் என்றே வைத்துக்கொள்வோம். அழகில் எது மிகுதி என்ற வழக்குக்கு நான் போகவில்லை. தராசைச் சாய்த்தது வேறொன்று.

அத்தையின் பேரனுக்கு அப்போது ஒன்றரை வயது. கையில் கிடைத்தது எல்லாம் வாய்க்குள் போகும் பருவம். தொழுவத்தில் ஒரு பசுவும், கன்றும். இவர்களை நினைக்காமல் அரளியைப் பற்றி எழுதுவது முறையன்று.

அரளியின் வேர், பட்டை, இலை, பூ, விதை ஆகிய எல்லாவற்றிலும் நஞ்சு உண்டு. நம் முன்னோர் இதை அறியாதவரல்லர். செவ்வரளிக்குக் கணவிரம் என்பது பழந்தமிழ்ப் பெயர். மணிமேகலையில் தெருவில் திரியும் பித்தன் ஒருவன் எருக்கமாலையோடு கணவிர மாலையையும் அணிந்திருக்கிறான். வடமொழியில் மிருச்சகடிக நாடகத்தில் கொலைக்களத்துக்கு அழைத்துச் செல்லப்படும் சாருதத்தனின் கழுத்தில் விழுவதும் அம்மாலையே. அப்பூவை இறப்போடு சேர்த்து எண்ணும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு இவை போதும்.

அந்நஞ்சு செய்யும் வேலையை இக்கால அறிவியல் தெளிவாகக் கூறுகிறது. நம் இதயத்தின் ஒவ்வோர் உயிரணுவின் சவ்விலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்பு உண்டு. டென்மார்க்கு அறிஞர் யென்ஸ் ஸ்கவ் 1957-இல் அதனை விளக்கினார். அதற்காக 1997-இல் நோபெல் பரிசும் பெற்றார். அரளியிலுள்ள ஒலியாண்ட்ரின் என்ற பொருள் இப்பம்பை அடைத்துவிடுகிறது. இதயத்துடிப்பின் தாளம் கெடுகிறது. குமட்டல், வாந்தி, மயக்கம், நாடி தளர்தல் என நோய்க்குறிகள் தொடர்கின்றன. 1785-இல் ஆங்கில மருத்துவர் விதரிங் இதயநோய்க்கு மருந்தென எழுதிய டிஜிடாலிஸ் செடியின் சத்தும் இதே வகையைச் சேர்ந்ததே. அளந்து கொடுத்தால் மருந்து. அரளியை அளந்து கொடுக்க வீட்டில் யாராலும் இயலாது. மஞ்சள் அரளி, அல்லது பொன்னரளி, என்று நாம் சொல்வது வேறினம். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. பெயர் ஒட்டியிருப்பது போலவே நஞ்சும் ஒட்டியிருக்கிறது. அதன் காயைக் குழந்தைகள் விளையாட்டுக்குப் பொறுக்குவதால் அபாயம் இன்னும் மிகுதி.

2024 ஏப்ரல் இறுதியில் கேரளத்தில் ஓர் இளம் செவிலி திடீரென உடல்நலம் குன்றி, சில நாட்களில் உயிர் நீத்தார். தொலைபேசியில் பேசியபடியே வீட்டு வாசலில் நின்ற அரளியின் இலையைத் தம்மையறியாமல் கிள்ளி மென்றதே காரணமாயிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அதையொட்டிய நாட்களில் பத்தனம்திட்டை மாவட்டத்தில் அரளித் தழை தின்ற பசுவும் கன்றும் இறந்த செய்தியும் வந்தது. மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டும், மலபார் தேவஸ்வம் போர்டும் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைத் தவிர்ப்பது என்று முடிவு செய்தன. துளசியும் தெச்சியும் அவ்விடத்தைப் பெற்றன. நமக்கு இதில் மற்றொரு பக்கமும் உண்டு. கேரளக் கோயில்களுக்குச் செல்லும் அரளியில் பெரும்பங்கு தமிழ்நாட்டு வயல்களிலிருந்து லாரியேறியது. சேலத்துப் பனமரத்துப்பட்டி வட்டாரம் அரளி சாகுபடிக்கே பேர் போனது. பூப்பறித்து வயிறு வளர்க்கும் குடும்பங்களுக்கு அம்முடிவு இனித்திருக்காது. பூவைத் தொட்டு மாலை கட்டுவதனால் நஞ்சேறும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. வாய்க்குள் போவதே பேரபாயம். பால் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். ஆதலின் கைகழுவும் வழக்கம் நன்று.

அத்தை இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "முப்பது வருஷமாகத் தொழுவத்துக்குப் பக்கத்தில்தானே நிற்கிறது? எந்த மாடு தின்றது?" என்றார். நியாயமான கேள்வி. பச்சை அரளி கசக்கும். பசியில்லாத மாடு முகர்ந்துவிட்டு விலகிவிடும். அபாயம் நிற்கும் செடியில் மட்டும் இல்லை, வெட்டிப் போட்ட கொம்பிலும் இருக்கிறது. இலை உலர்ந்தாலும் நஞ்சு போவதில்லை. ஆனால் மாட்டை எச்சரிக்கும் கசப்பு குறைந்துவிடுகிறது. புல்லோடும் வைக்கோலோடும் சருகு கலந்தால் மாட்டுக்குத் தெரியாது. ஒரு கைப்பிடிச் சருகே பசுவுக்குப் போதும். அரளியைக் கவாத்து செய்பவர்கள் கழித்த தழையை உடனே பொறுக்கி, மாடு எட்டாத இடத்தில் குழிதோண்டிப் புதைக்க வேண்டும். அடுப்பில் வைத்து எரிக்கவும் கூடாது. புகையும் தீங்கு செய்யும். யாரேனும் தின்றுவிட்டதாக ஐயம் வந்தால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காமல் மருத்துவமனைக்கு ஓடவேண்டும். எந்தச் செடி என்று காட்ட ஒரு கொத்தையும் எடுத்துச் செல்லலாம்.

அரளிக்காக ஒரு சொல் பரிந்து பேசாவிட்டால் என் மனம் ஒப்பாது. அவ்விலையைத் தின்று வளரும் பட்டாம்பூச்சி ஒன்று உண்டு. மலையாளத்தார் அதனை அரளி சலபம் என்றே அழைப்பர். பழுப்பு நிறச் சிறகில் வெண்புள்ளி கொண்டது. அதன் கூட்டுப்புழு இலைக்கு அடியில் வெள்ளித் தோடு போலப் பளபளத்துத் தொங்கும். பறவைகள் அதனைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. பின்கட்டு அரளியில் அன்றும் இரண்டு தொங்கின. பேரனைத் தூக்கிக் காட்டினோம். அவன் அதையும் வாயில் போடக் கை நீட்டினான். வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

கடலாசுப்பூவுக்கு வெற்றி என்றாலும் குற்றமற்றதன்று. முள் ஆழக் குத்தினால் சிலருக்கு வீங்கிச் சீழ் வைக்கும். மூட்டருகே குத்தினால் அலட்சியம் கூடாது. எனவே நடைவழியை ஒட்டி நடாமல் மூன்று நான்கு அடி தள்ளி, சுவரோரமாக வைத்து, நீளும் கிளைகளைக் கம்பியில் கட்டிவிட வேண்டும். கணவாய்க் காற்றில் அவிழ்ந்த கிளை சாட்டைபோல் வீசும். நாளில் ஐந்தாறு மணி நேரமாவது நேர்வெயில் படவேண்டும். மாமரத்தின் நிழலில் வைத்துவிட்டுப் பூக்கவில்லையே என்று செடியை நொந்து பயனில்லை. அரளிக்கு உள்ள வெள்ளம் தாங்கும் உறுதி இதற்கு இல்லை. ஆகையால் மண்ணை ஒரு முழம் உயர்த்தி மேடாக்கி, மணலும் செங்கல் துண்டும் கலந்து, அதன்மேல் நடுவது நலம். சித்தூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில் இது மிகமிக வேண்டும். பென்சில் பருமனுள்ள முற்றிய கொம்பை வெட்டி நட்டால் வேர்விடும். வேர் எளிதில் ஒடியும் இயல்பினது. ஆதலின் தொட்டியிலிருந்து மாற்றும்போது மண் உதிராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாண்டு மட்டும் கோடையில் வாரம் ஒருமுறையோ இருமுறையோ நீர். பாத்திரம் கழுவிய நீரே போதும், சோப்பு மிகாதிருந்தால். வேர் இறங்கிய பின் கேட்கவே கேட்காது. ஆடுள்ள வீட்டார்க்கு ஓர் எச்சரிக்கை: ஆட்டுக்கு அரளி எமன், கடலாசுப்பூவுக்கோ ஆடு எமன். ஒரு காலைப்பொழுதில் இளஞ்செடியை மொட்டையடித்துவிடும்.

மழை பிடித்த முதல் வாரத்தில், பக்கத்துத் தெருவில் கேட்டு வாங்கிய இரண்டு கொம்புகளை நட்டுவிட்டு நான் விடுதிக்குத் திரும்பினேன். ஒன்றை மேடாக்காத இடத்தில் நட்டது என் தவறு. அது ஆடி மழையில் அழுகிவிட்டது. மற்றது நான்கு இலை விட்டிருப்பதாக அத்தை தொலைபேசியில் சொன்னார். பூஜைக்குத் தெச்சி ஒன்றும் வைத்திருக்கிறாராம். பின்கட்டு அரளியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சற்று நேரம் பதில் இல்லை. "அது மாமா கையால் வைத்ததடா" என்றார். பிறகு, தொழுவத்தைக் கிழக்குப் பக்கம் மாற்றிக் கட்டியாகிவிட்டதென்றும், அரளியைச் சுற்றி இடுப்பளவு வேலி போட்டு, உதிரும் சருகைத் தாமே நாள்தோறும் கூட்டிப் புதைப்பதாகவும் சொன்னார்.